சீசன் கடைசியில் கடைச் சரக்கு
குற்றாலம், தென்காசி வட்டார வணிகர்கள் கவனத்திற்கு

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். சாரல் விழுந்தால் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் வரையில் எல்லாக் கடைகளிலும் கல்லா நிறைகிறது. ஜூன் மாதத்தில் துணிந்து சரக்கு எடுப்பதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதக் கடைசியில், அருவியில் தண்ணீர் நூலாகி, சனி ஞாயிறு மட்டும் கூட்டம் வரும் அந்த மூன்று நான்கு வாரங்களில்தான் பலருடைய சீசன் லாபம் கரைந்து போகிறது. அதைப் பற்றி நம் சங்கத்தார் கூடும்போதெல்லாம் பேசுகிறோம், எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதுவோம்.

ஒரு சிறு கணக்கு

நூறு ரூபாய்க்கு வாங்கி நூற்றுப் பதினைந்து ரூபாய்க்கு விற்கும் சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துப் பெட்டி வாங்கிப் பத்தும் விற்றால் லாபம் 150 ரூபாய். ஒரு பெட்டி தேங்கிக் கெட்டுப் போனால் லாபம் 35 ரூபாய். இரண்டு பெட்டி கெட்டால் 80 ரூபாய் நஷ்டம். சீசன் நடுவில் தேங்கும் சரக்கை அடுத்த வாரக் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விடும். சீசன் கடைசியில் தேங்கும் சரக்கைத் தூக்க ஆள் இல்லை. ஆகவே ஜூன் மாதக் கொள்முதலை விட ஆகஸ்ட் மாதக் கொள்முதலுக்குத்தான் யோசனை அதிகம் வேண்டும்.

பனி விற்கும் ஊர்களைப் பாருங்கள்

இயற்கையை நம்பிக் கடை விரிப்பவர்கள் நாம் மட்டும் அல்ல. குளிர் நாடுகளில் பனிச்சறுக்கு விளையாட்டை நம்பியே மலையூர்கள் பல வாழ்கின்றன. பனி குறைந்தால் அங்கே செயற்கைப் பனி செய்கிறார்கள். தண்ணீரை அழுத்தத்துடன் காற்றோடு சேர்த்துப் பீச்சினால், கடுங்குளிரில் அது உறைந்து பனித்துகளாக விழும். 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறக்குறைய முழுவதும் இப்படிச் செய்த பனியின் மேல்தான் நடந்தன. நம் நாட்டிலும் உத்தராகண்ட் மாநிலம் ஔலியில், 2011-ல் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக இத்தகைய இயந்திரங்களை நிறுவினார்கள்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். குளிர் இல்லாவிட்டால் பீச்சிய தண்ணீர் தண்ணீராகவே விழும். மின்சாரம், தண்ணீர், ஆள் கூலி என்று செலவும் பெரிது. எனவே அனுபவம் உள்ள நிர்வாகிகள் சீசன் தொடக்கத்தில், பெரிய விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்பாகவே பனியைச் செய்து கனமாகப் படிய வைத்துவிடுகிறார்கள். பின்சீசனில் பகலில் உருகி இரவில் இறுகும் பழைய பனியையே சமன்படுத்தி ஓட்டுகிறார்கள். இனிச் செய்யும் பனி காசாகத் திரும்பாது என்று தெரிந்த நாளில் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். செலவழித்துவிட்டோமே என்பதற்காக மேலும் செலவழிப்பதில்லை. நாம் கற்க வேண்டியது இதுதான்.

காஷ்மீரத்துக் குல்மார்க் நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம். அங்கே வானத்துப் பனியே முதல். 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அவ்வூர்க் கடைக்காரர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, அருவி வறண்ட சீசனைப் பார்த்த நம்மவர்கள் அறிவார்கள்.

அருவியைச் செய்ய முடியுமா?

நம்மிடம் அருவி செய்யும் இயந்திரம் இல்லை. வேறு வழியில் செய்து பார்த்தவர்கள் உண்டு. மலையிலிருந்து வரும் நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க, 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இதில் வணிகர்களாகிய நாம் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமே வேண்டாம். மேலே திருப்பப்படும் தண்ணீர் கீழே பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வர வேண்டிய தண்ணீர். சிற்றாற்றில் ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர வேண்டிய தண்ணீர். ஒரு விடுதியின் வாசலில் விழும் அருவி நூறு கடைகளின் பிழைப்பிலிருந்து எடுத்தது.

தண்ணீர் குறைந்தால் மட்டும் வியாபாரம் நிற்பதில்லை, மிஞ்சினாலும் நிற்கிறது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. தடை வந்தால் கூட்டம் திரும்பிவிடும். அந்த நேரத்தில் "கொஞ்சம் பார்த்து விடக் கூடாதா" என்று நம்மில் சிலர் காவலர்களிடம் கேட்பதுண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதை மறக்கக் கூடாது. கடைவீதியில் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டும். ஆகவே தென்காசி வானத்தைப் பார்த்துச் சரக்கும் எடுக்கக் கூடாது, வாடிக்கையாளரைத் தைரியமும் சொல்லி அனுப்பக் கூடாது. தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டால் "இப்போது போகாதீர்கள்" என்று முதலில் சொல்ல வேண்டியவர் அருவிக்கரைக் கடைக்காரர்தான்.

வெளிநாட்டார் ஏன் வருகிறார்கள்?

குல்மார்க்குக்கு வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் வருவது, தங்கள் ஊரில் பனி இல்லை என்பதால் அல்ல. உயரமான அபர்வத் மலையில், மாவு போன்ற இயற்கைப் பனி கிடைக்கிறது என்பதற்காக வருகிறார்கள். ஜப்பானின் நிசெகோவுக்கு ஆஸ்திரேலியர்கள் குவிவதற்கும் அதுவே காரணம். அவர்களுடைய கோடை விடுமுறையும் ஜப்பானின் பனிக்காலமும் ஒன்றாக வருவது இன்னொரு காரணம்.

நமக்கும் இதே இரண்டு காரணங்கள்தான். தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்கள் பல தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழ்கின்றன. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கியது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூன் மாதம். வளைகுடா நாடுகளில் ஜூலை, ஆகஸ்ட். இரண்டும் நம் சாரலோடு சேர்ந்து வருகின்றன. துபாயில் 2005 முதல் கூரைக்குள்ளேயே பனி செய்து சறுக்க விடுகிறார்கள். அங்கே வாழும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டும் ஐந்தருவிக்கு வருகிறார்கள் என்றால், செய்ய முடியாத ஒன்று இங்கே இருப்பதால்தான்.

இவர்களில் பலர் திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாக வருகிறார்கள். போகும்போது நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, அப்பளம், பொடி வகைகள் கொண்டுபோகிறார்கள். பேரம் குறைவு, எதிர்பார்ப்பு அதிகம். காற்றுப் புகாத உறை, தயாரித்த தேதி, சரியான எடை இவை மூன்றும் இருந்தால் அடுத்த ஆண்டும் அதே கடைக்கு வருவார்கள். சிக்கு வாடை அடிக்கும் சிப்ஸ் ஒரு பொட்டலம் போதும், அந்தத் தெருவே நம் கடையை மறந்துவிடும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, சீசனின் கடைசிக் கொள்முதல் தேதியை ஆடி மாதத்திலேயே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து அதை மாற்றக் கூடாது. அதன்பின் சிறுகச் சிறுக ரொக்கத்துக்கு எடுத்தால் போதும்.

இரண்டாவது, சரக்கை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் போன்ற பழங்கள் அன்றன்று விற்க வேண்டியவை. சிப்ஸ், எண்ணெய்ப் பலகாரங்கள் சில வாரம் தாங்குபவை. துண்டு, கற்பூரம், அரிசி, பருப்பு ஆகியவை கார்த்திகை பிறந்ததும் வரும் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்துக்கும் ஆகும். கடைசி மாதத்தில் பணம் மூன்றாவது வகையில் இருக்கட்டும்.

மூன்றாவது, மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேங்கிய சரக்கோடு முழுகும் சில்லறைக்காரர் உங்கள் பாக்கியோடுதான் முழுகுகிறார்.

நான்காவது, அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்துவதற்கு நீதிமன்றத் தடை உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஷாம்பு சாஷே விற்று வரும் சில்லறைக்காக நம் முதலையே அழுக்காக்க வேண்டாம்.

ஐந்தாவது, 2023 ஆகஸ்டில் திருக்குற்றாலநாதர் கோயில் அருகே தற்காலிகக் கடைகள் தீயில் கருகியதை எல்லோரும் அறிவோம். ஓலை, தகரக் கொட்டகையில் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் சரக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. தற்காலிகக் கடையானாலும் சரக்குக் காப்பீடு பற்றி விசாரித்து வையுங்கள்.

மழை நம் கையில் இல்லை. எப்போது கொள்முதலை நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வரும் ஆடி மாதம் நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தேதியைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.