விலக்கும் அணுக்கள் பிரியாதது ஏன்?

ஒரு பொருளில் ஒழுங்கின்மை போதுமான அளவு இருந்தால், அதற்குள் துகள்கள் பரவ முடியாமல் முடங்கிவிடும் என்று 1958இல் பிலிப் ஆண்டர்சன் காட்டினார். தாறுமாறான தடைகளில் சிதறும் குவாண்டம் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். சரி, தடையே இல்லாத, துல்லியமான ஒழுங்குள்ள இடத்தில்? அங்கும் முடக்கம் வரும். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசையே அதற்குப் போதும்.

2006இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இது சோதனையில் தெரிந்தது. எதிரெதிராக வரும் லேசர் கற்றைகள் நிலை அலையாகி, சீரான இடைவெளியில் ஆற்றல் குழிகளை உண்டாக்கும். அடுத்தடுத்த குழிகளுக்கு இடையே அரை அலைநீளம், அதாவது ஏறத்தாழ 415 நானோமீட்டர். ஒரு குழியில் இரண்டு ரூபிடியம் அணுக்கள் இருக்கும். இல்லையென்றால் குழி காலி. காந்தப் புலத்தை மாற்றி, அணுக்களிடையே உள்ள விசையைக் கூட்டலாம், குறைக்கலாம். விசையைப் பூஜ்யமாக்கியபோது இணைகள் சட்டென்று பிரிந்து பரவின. ஒன்றையொன்று விலக்கும்படி செய்தபோதோ, பிரியாமல் ஒரே குழியில் தங்கின!

காரணம் ஆற்றல் கணக்கு. இணை பிரிந்தால் விலக்கு விசையின் ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாற வேண்டும். ஆனால் ஒளிக் குழிகளுக்கிடையே நகரும் அணு, குறுகிய ஓர் ஆற்றல் பட்டைக்குள் அடங்கும் இயக்க ஆற்றலை மட்டுமே பெற முடியும். விலக்கு ஆற்றல் அதைவிடப் பெரிது. திடப்பொருளாக இருந்தால் மிச்சம் படிகத்தின் அதிர்வுகளுக்குப் போய்ச் சேரும். ஒளிக் குழிகள் அப்படி அதிர்வதில்லை. டவுன் பஸ்ஸில் 500 ரூபாய்த் தாளை நீட்டிய பயணியின் நிலைதான்: பணம் இருக்கிறது, மாற்ற வழியில்லை.

இணை நகரவே நகராது என்பதில்லை. இரண்டு அணுக்களும் சேர்ந்து அடுத்த குழிக்குத் தாவலாம். விசை இரு மடங்கானால் அந்தத் தாவலின் வேகம் பாதியாகும். அருகருகே உள்ள இணைகளுக்கிடையே உண்டாகும் ஈர்ப்பு இந்தத் தாவலைவிட வலுவானது. அதனால் அவை கொத்தாக ஒட்டிக்கொண்டு இன்னும் மந்தமாகின்றன.

ஆண்டர்சன் சொன்னது அலைகளின் குறுக்கீட்டால் வரும் முடக்கம். இதுவோ ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாததால் வரும் தாமதம்; நிரந்தரமல்ல, ஆனால் ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் அளவுக்கு நீடிக்கிறது.