அகலம் சொல்லாத பக்கம்

உலகின் முதல் இணையப் பக்கத்தை இன்றும் செல்போனில் திறந்து படிக்கலாம். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதியது அது. அதன் 1992-ஆம் ஆண்டுப் பிரதியைச் செர்ன் 2013-இல் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. தலைப்பு, சில வரிகள், சொடுக்கினால் வேறு பக்கம் திறக்கும் நீலச் சொற்கள், அவ்வளவுதான். படம் ஒன்றுகூடக் கிடையாது.

செல்போனில் இணையம் இல்லாத காலத்துப் பக்கம் அந்தத் திரையில் எப்படி அடங்குகிறது? அகலம் இவ்வளவு என்று அது எங்குமே சொல்லவில்லை. எச்டிஎம்எல் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. வரியை எங்கே மடிப்பது என்பது பிரவுசரின் பொறுப்பு. நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றுக்கு சிஎஸ்எஸ் என்ற தனி மொழி பிறகுதான் வந்தது. 1996-இல் தரமாக ஏற்கப்பட்டது.

அலங்காரம் வந்ததும் அகலத்தைப் பூட்டும் வழக்கமும் வந்தது. 2005-இல் இங்கிலாந்தின் 21 வயது இளைஞர் அலெக்ஸ் டியூ, படிப்புச் செலவுக்காக ஒரே ஒரு பக்கம் அமைத்தார். 1000-க்கு 1000 என்று 10 லட்சம் பிக்சல்கள். பிக்சல் ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்றார். ஐந்து மாதத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. வியாபாரமாக அது அபாரம். செல்போனில் பார்த்தாலோ விளம்பரங்கள் கடுகாய்ச் சிறுக்கின்றன.

2007-இல் வந்த ஐபோன், அகலம் சொல்லாத பக்கத்தைக்கூட 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டியது. அப்படிச் சுருக்காதே, திரையின் அகலத்தையே எடுத்துக்கொள் என்று சொல்ல வியூபோர்ட் என்ற ஒரு வரி போதும். தங்கள் முதல் பக்கத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான். தமிழில் எழுதுவோர் மறக்கக் கூடாத இன்னொரு வரி, எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பு. அது விடுபட்டால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் தெரியக்கூடும். வரிகளுக்கிடையே இடமும் தாராளமாக வேண்டும். தமிழில் புள்ளி மேலே ஏறும், உகரக் குறி கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் அவை நெருக்கியடித்துக்கொள்ளும்.

யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். அப்படியும் இந்தக் கட்டுரை முழுவதும் சில கிலோபைட்டில் அடங்கிவிடும். செல்போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஒன்று செருகினாலே எடை பல நூறு மடங்கு ஏறும். பக்கம் திறக்கத் தாமதமானால் முதலில் படங்களைப் பாருங்கள்.

தொடங்க மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். நோட்பேடில் ஒரு தலைப்பும் இரண்டு பத்தியும் எழுதி, கோப்பின் பெயரில் எச்டிஎம்எல் என்ற பின்னொட்டைச் சேர்த்துச் சேமித்து, பிரவுசரில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் அதைப் பார்க்க இணைய இணைப்புகூடத் தேவையில்லை.