பார லாரி ஏன் உடனே நிற்பதில்லை?

புதுக்கோட்டையை அடுத்த நமணசமுத்திரத்தில் 2023 டிசம்பர் 30 அன்று, அரியலூரிலிருந்து சிமெண்டு மூட்டைகள் ஏற்றி வந்த லாரி சாலையோரத் தேநீர்க் கடைக்குள் புகுந்தது. தேநீர் அருந்த நின்ற ஐயப்ப பக்தர்கள் 5 பேர் மாண்டனர்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகம் 60 ஆனால் ஆற்றல் 4 மடங்காகிறது. பாரம் கூடினால் அந்த அளவுக்கு அதுவும் கூடும். அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறினால்தான் வண்டி நிற்கும். அதற்கும் முன்னால், ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியிலேயே லாரி 17 மீட்டர் ஓடிவிடும்! தூக்கக் கலக்கம் இருந்தால் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே, யார் முதலில் செல்வது என்பதைச் சந்திப்புக்கு வந்தபின் முடிவு செய்ய இயலாது. 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அதை முன்பே வகுத்துள்ளன. சைகை விளக்கும் காவலரும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பெரிய வண்டிக்கே முதல் வழி என்று எந்த விதியும் கூறவில்லை; நம் சாலைகளில் நடப்பது என்னவோ அதுதான். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிவரும் ஸ்கூட்டருக்காகப் பார லாரியும் வெளியே காத்து நிற்க வேண்டும்.