எம்.எல்.ஏ. கொடுத்த சைக்கிள்... எந்தப் பாக்கெட்ல இருந்து?

ஜூன் வந்தாலே ஊருக்கு ஒரு தனி களை வந்துடும். ஸ்டேஷனரி கடையில ப்ரவுன் ஷீட் வாங்க முண்டியடிக்கிற அம்மாக்கள், டெய்லர் கடையில ‘நாளைக்கு வாங்கக்கா, ரெடியா இருக்கும்’ங்கிற அதே பழைய டயலாக், புது ஷூ கடிக்குதுன்னு அழுற வாண்டுகள்... இதோட சேர்ந்து இன்னொண்ணும் வரும். கவனிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? உங்க தொகுதி எம்.எல்.ஏ. பத்தின செய்திகள்!

‘மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கினார்’, ‘புதிய வகுப்பறைக்கு அடிக்கல் நாட்டினார்’, ‘ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினார்’... பேப்பர்ல மூலையில ஒரு போட்டோ, பஸ் ஸ்டாண்ட்ல ஒரு ஃப்ளெக்ஸ், அப்பாவோட வாட்ஸ்அப் குரூப்ல இருபது ஃபார்வர்டு.

‘அட, நாமதான் ஸ்கூலை முடிச்சுட்டு காலேஜுக்கு வந்தாச்சே, இதெல்லாம் நமக்கு எதுக்கு?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. போன வருஷம் வரைக்கும் நீங்க ஸ்டூடன்ட். 18 முடிஞ்ச நாள்ல இருந்து நீங்க வோட்டர். வோட்டு போடுற வயசு 21-ல இருந்து 18-ஆ குறைஞ்சது 1989-ல. இப்போ அந்த எம்.எல்.ஏ. உங்களுக்கும் பதில் சொல்லணும். அதனால, அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு போட்டோவைப் பார்த்தா லைக் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க... ‘இது எந்தப் பாக்கெட்ல இருந்து வந்துச்சு?’

பாக்கெட் நம்பர் 1: அரசாங்கம்

ப்ளஸ் ஒன் பசங்களுக்குக் கொடுக்கிற சைக்கிள், பாடப்புத்தகம், யூனிஃபார்ம், பை... இதெல்லாம் மாநில அரசோட திட்டம். பணம் அரசு பட்ஜெட்ல இருந்து வருது. அதாவது நீங்க ஷாம்பு வாங்கும்போது கட்டுற வரியும் அதுல இருக்கு! காலை உணவுத் திட்டமும் இதே ரகம்தான். 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கினப்போ 1,545 ஸ்கூல்ல நடந்துச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு.

இந்த விழாக்கள்ல எம்.எல்.ஏ. வந்து கொடுக்கிறது தப்பே இல்ல. மக்களோட பிரதிநிதிங்கிற முறையில மேடை ஏறுறாங்க. ஆனா ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, யார் எம்.எல்.ஏ.வா இருந்தாலும் அந்த சைக்கிள் வந்து சேர்ந்திருக்கும். அதனால இதை வெச்சு ‘எங்க எம்.எல்.ஏ. சூப்பர்’னு மார்க் போட்டா அது தப்புக் கணக்கு. வேணும்னா வேற ஒண்ணுக்கு மார்க் போடுங்க. சைக்கிள் நேரத்துக்கு வந்துச்சா, பள்ளிக்கூடம் திறந்து மாசக்கணக்கா குடோன்ல துரு பிடிச்சு நின்னுச்சா? லேட்டானப்போ உங்க எம்.எல்.ஏ. கலெக்டர்கிட்ட கேட்டாரா?

பாக்கெட் நம்பர் 2: எம்.எல்.ஏ. ஃபண்ட்

இதான் மெயின் மேட்டர்! முழுப் பேரு ‘சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி’. உங்க ஊர் நிழற்குடையில வெயிலுக்கு ஒதுங்கும்போது சுவத்துல எழுதியிருக்குமே... எந்த வருஷம், மதிப்பீடு எத்தனை லட்சம்னு... அதேதான். 2020-களில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தமிழ்நாட்டுல மொத்தம் 234 தொகுதி. கூட்டிப் பார்த்தா வருஷத்துக்கு 702 கோடி!

இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கே வராதுங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. ‘இந்த ஸ்கூலுக்கு வகுப்பறை வேணும், அந்த ஸ்கூலுக்கு டாய்லெட் வேணும்’னு அவர் பரிந்துரை பண்ணுவார். கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார். அப்புறம் கிராமம்னா பி.டி.ஓ. ஆபீஸ், டவுன்னா நகராட்சி மாதிரி ஒரு அமைப்பு டெண்டர் விட்டு வேலையை முடிக்கும். அந்த நிதியிலயும் ஒரு பகுதி அரசு சொல்ற வகை வேலைகளுக்குத்தான் போகணும். மிச்சம்தான் எம்.எல்.ஏ.வோட விருப்பம். வகுப்பறை, காம்பவுண்ட் சுவர், கழிப்பறை, குடிதண்ணி வசதின்னு ஊருக்குப் பொதுவா நிலைச்சு நிக்கிற வேலைகள்தான் இதோட நோக்கம்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. தமிழ்நாட்டுல சுமார் 37,500 அரசுப் பள்ளிகள் இருக்கு. 234-ஆல வகுத்தா ஒரு தொகுதிக்கு சராசரியா 160 ஸ்கூல். ரோடு, தெருவிளக்கு, ரேஷன் கடை எல்லாத்தையும் மறந்துட்டு அந்த 3 கோடியையும் ஸ்கூலுக்கே கொடுத்தாலும் ஒரு ஸ்கூலுக்கு வருஷத்துக்கு 2 லட்சம்கூட வராது! அதனால எல்லா ஸ்கூலுக்கும் எல்லாமும் செய்யறது எந்த எம்.எல்.ஏ.வாலயும் முடியாத காரியம். நாலஞ்சு இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

அந்த நாலஞ்சு இடம் எப்படித் தேர்வாகுது? பல நேரம், யார் வந்து கேட்டாங்களோ அவங்க ஊர்தான் முன்னாடி நிக்கும். யாருமே கேட்காத ஸ்கூல்? அது அடுத்த ஜூனுக்கும் அப்படியே ஒழுகிட்டு இருக்கும். அந்த ஸ்கூலுக்காகக் கேட்க அங்கே படிச்சு முடிச்ச உங்களை விட்டா வேற யாரு இருக்கா?

பாக்கெட் நம்பர் 3: சொந்தக் காசு

பிறந்த நாளுக்கு நோட்டு, தலைவர் பிறந்த நாளுக்கு ஜியாமென்ட்ரி பாக்ஸ்... இதெல்லாம் அவரோட காசோ, கட்சிக்காரங்க காசோ, தெரிஞ்ச தொழிலதிபர் கொடுத்ததோ! நல்ல மனசோட கொடுத்தா வாங்கிக்கலாம், நன்றி சொல்லலாம். ஆனா இது அன்பளிப்பு. எம்.எல்.ஏ. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நூறு நோட்டு கொடுத்த போட்டோவைப் பார்த்துட்டு, 3 கோடி எங்கே போச்சுன்னு கேட்க மறந்துட்டோம்னா அதைவிட காமெடி வேற இல்ல!

பாக்கெட்டே தேவைப்படாத வேலை

எம்.எல்.ஏ.வோட பெரிய பலம் பணத்துல இல்ல, வாயில இருக்கு! சட்டசபையில எழுந்து நின்னு பேசுறதுக்குத்தானே அவரை அனுப்பினோம்?

உங்க ஊர்ல நடுநிலைப் பள்ளிதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எட்டாவது முடிச்ச ஒரு பொண்ணு ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போகணும். பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுவும் சில நாள் வராது. ‘பொம்பளைப் புள்ள, இருட்டுல எப்படி வரும்?’னு வீட்டுல ஒரு பேச்சு கிளம்பும். அப்புறம் அந்தப் பொண்ணு படிப்பு என்னாகும்னு நான் சொல்லத் தேவையில்ல. உங்க கூட எட்டாவது வரைக்கும் படிச்சவங்கள்ல இப்போ எந்தக் காலேஜ்லயும் இல்லாதவங்க பேரு ரெண்டு மூணு உங்களுக்கே ஞாபகம் வரும்.

இந்தப் பிரச்னைக்கு எம்.எல்.ஏ. ஃபண்ட்ல தீர்வு இல்ல. பள்ளியைத் தரம் உயர்த்துறது அரசோட முடிவு. பஸ் நேரத்தை மாத்துறது போக்குவரத்துக் கழகத்தோட முடிவு. ஆனா மானியக் கோரிக்கை விவாதத்துல பேசுறது, சட்டசபையில கேள்வி கேட்கிறது, அமைச்சர்கிட்ட மனு கொடுக்கிறது எல்லாம் எம்.எல்.ஏ.வால முடியும். 2022 ஆகஸ்ட்ல ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக 234 எம்.எல்.ஏ.க்களும், அதாவது எதிர்க்கட்சிக்காரங்களும் சேர்த்து, தொகுதியோட தீராத 10 கோரிக்கையை எழுதிக் கொடுக்கச் சொல்லி முதல்வர் கடிதம் போட்டார். உங்க தொகுதியோட அந்தப் பத்துல ஸ்கூல் சம்பந்தமா எத்தனை இருந்துச்சு? விசாரிச்சுப் பாருங்க, சுவாரஸ்யமா இருக்கும்!

சரி பாஸ், நாம என்ன பண்ணலாம்?

நாலு பேர் போதும். ஒரு லீவு நாள் போதும். இதோ ஸ்டெப் பை ஸ்டெப்...

1. நீங்க படிச்ச ஸ்கூலுக்குப் போங்க. ஹெச்.எம்.கிட்ட முதல்ல பர்மிஷன் கேளுங்க. டாய்லெட்ல தண்ணி வருதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, எந்த வகுப்பறை ஒழுகுது, குடிதண்ணி எங்கே... எழுதிக்கோங்க. பசங்களைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுற வேலை வேண்டாம்!

2. பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடிங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகள்ல இந்தக் குழு இருக்கணும். அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதி பெண்கள். ஸ்கூலுக்கு என்ன வேணும்னு திட்டம் போட்டுக் கொடுக்கிற உரிமையைச் சட்டமே இவங்களுக்குக் கொடுத்திருக்கு. தமிழ்நாட்டுல 2024-ல குழுக்களை மாத்தி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அதாவது உங்களுக்கு! உங்க பட்டியலை இந்தக் குழுவோட தீர்மானமா மாத்தினா அதுக்கு வெயிட் அதிகம்.

3. மனு எழுதுங்க. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். பத்து கோரிக்கை எழுதினா ஒண்ணும் நடக்காது. ரெண்டு போதும். ‘எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கான கழிப்பறை பழுதடைந்துள்ளது. தொகுதி மேம்பாட்டு நிதியில் புதிய கழிப்பறை கட்டப் பரிந்துரை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்’னு நேரா விஷயத்துக்கு வாங்க. தீர்மான நகலை இணைச்சு, தொகுதியில இருக்கிற எம்.எல்.ஏ. ஆபீஸ்ல கொடுங்க. இன்னொரு காப்பியில தேதியோட கையெழுத்து வாங்க மறக்காதீங்க. அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துலயும் கொடுக்கலாம்.

4. கணக்கு கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல வந்தது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், கேன்டீன் டீ காசு! மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, ‘கடந்த 3 நிதியாண்டுகளில் எங்கள் தொகுதிக்கு மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகள், ஒவ்வொன்றின் மதிப்பீடு, முடிந்தவை எவை?’ன்னு கேளுங்க. சென்னைக்காரங்க மாநகராட்சிக்கு எழுதலாம். 30 நாளைக்குள்ள பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு பண்ணலாம்.

5. ஆகஸ்ட் 15-ஐ மிஸ் பண்ணாதீங்க. அன்னிக்குக் காலையில மிட்டாய் வாங்கிட்டு வந்து படுத்துத் தூங்காம, கிராம சபைக்குப் போங்க. ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற யாரும் பேசலாம். ‘ஸ்கூல் டாய்லெட்’னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, பின்னாடி உட்கார்ந்திருக்கிற பத்து அம்மாக்கள் உங்களுக்கு சப்போர்ட்டா பேசுவாங்க பாருங்க!

இதெல்லாம் புது ஐடியாவும் இல்ல. காமராஜர் முதல்வரா இருந்தப்போ, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்தின காலத்துல, 1958-ல தொடங்கி ஊர் ஊரா ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ நடந்துச்சு. ஸ்கூலுக்கு என்னென்ன குறைன்னு முதல்ல பட்டியல் போட்டாங்க. அதை ஊர் முன்னாடி வெச்சாங்க. யாரால எது முடியுமோ அதைக் கொடுத்தாங்க. நம்ம தாத்தா பாட்டி காலத்துல செல்போன் இல்லாமலே நடந்த விஷயம் இது. நம்மால முடியாதா?

எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு ஹோம்வொர்க்!

தொகுதி மக்களுக்கு ஜூன்ல ஒரு பக்கத்துல அறிக்கை கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க. அதுல நாலே நாலு விஷயம் போதும். போன வருஷ நிதியில எந்தெந்தப் பள்ளிக்கு என்ன வேலை, எவ்வளவு செலவு? எது முடிஞ்சுது, எது பாதியில நிக்குது? பள்ளிகளைப் பத்திச் சட்டசபையில என்ன பேசினார்? இந்த வருஷம் எந்தப் பள்ளிகளுக்குப் பரிந்துரை பண்ணப் போறார், ஏன்?

நல்லா வேலை செய்யற எம்.எல்.ஏ.வுக்கு இதைக் கொடுக்கிறதுல சந்தோஷம்தான் இருக்கும். செஞ்சதைச் சொல்லிக்க யாருக்குத்தான் கசக்கும்? செய்யாதவங்களுக்கு அடுத்த ஜூனுக்குள்ள செய்யணும்னு ஒரு பயம் வரும். ரெண்டுமே நமக்கு லாபம்தான்!

கேட்கும்போது மரியாதையா கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். கட்சிக் கொடி, கோஷம் எதுவும் வேண்டாம். ‘சார், நாங்க இந்த ஸ்கூல்ல படிச்சவங்க’ன்னு ஆரம்பிச்சாலே போதும், பாதி வேலை முடிஞ்சுது. ஒரு தடவை போனா நடக்காது. மூணு தடவை போக வேண்டியிருக்கும். அரியர் பேப்பரையே மூணு தடவை எழுதுறோம், இதுக்கு நடக்க மாட்டோமா என்ன?

இந்த ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? படிச்ச ஸ்கூல் வாட்ச்மேன் அண்ணன் உங்களை இன்னும் மறந்திருக்க மாட்டார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!