பொறியாளர்களுக்கான குவாண்டம் கணிமைக் கல்வி

குவாண்டம் கணிமை என்பது அணு, எலக்ட்ரான், ஒளித்துகள் முதலியவற்றில் காணப்படும் குவாண்டம் இயல்புகளைக் கொண்டு கணக்கிடும் முறையாகும். இதைக் கற்க இயற்பியலில் முனைவர் பட்டம் வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் நிரல் எழுதவும் கருவியை இயக்கவும் விரும்பும் பொறியாளர், அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவு ஆகிய மூன்றைக் கொண்டு தொடங்கலாம். இம்மூன்றும் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் உள்ளவை.

அடிப்படைக் கணக்கு

சாதாரணக் கணினியின் பிட், 0 அல்லது 1 ஆக இருக்கும். குவாண்டம் கணினியின் கியூபிட்டை இரண்டு எண்கள் கொண்ட நிரல் அணியாக எழுதுவர். இவ்வெண்கள் வீச்சுகள் எனப்படும். இவை குறை எண்களாகவோ கலப்பெண்களாகவோ இருக்கலாம். கியூபிட்டை அளவிடும்போது ஒரு விடை கிடைப்பதற்கான நிகழ்தகவு, அதன் வீச்சினுடைய மட்டு மதிப்பின் வர்க்கமாகும். கியூபிட்டின் மீது செலுத்தப்படும் ஒவ்வொரு வாயிலும் ஓர் அணிப்பெருக்கலே.

எடுத்துக்காட்டாக, 0 நிலையிலுள்ள கியூபிட்டின் மீது ஹடமார்டு வாயிலை ஒருமுறை செலுத்தினால் இரு வீச்சுகளும் 1/√2 ஆகும். இப்போது அளந்தால் 0, 1 இரண்டுக்கும் சம வாய்ப்பு. அளக்காமல் அதே வாயிலை மீண்டும் செலுத்தினால், 0-இன் வீச்சு 1/2 + 1/2 = 1; 1-இன் வீச்சு 1/2 − 1/2 = 0. விடை உறுதியாக 0 ஆகும். நாணயத்தை இருமுறை சுண்டினால் இவ்வாறு நிகழாது. வீச்சுகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் செயல்படும் இவ்வியல்பு குறுக்கீடு எனப்படும்.

“எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் கணினி” என்ற விளக்கம் போதாது. அளக்கும்போது ஒரு விடைதான் கிடைக்கும். தவறான விடைகளின் வீச்சைக் குறைத்து, சரியானதன் வீச்சைப் பெருக்குவதே நிரலரின் வேலை. 1996-இல் லவ் குரோவர் வெளியிட்ட தேடல் வழிமுறை இதற்குச் சான்று. வரிசைப்படுத்தாத பத்து இலட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட, சாதாரண முறையில் சராசரியாக ஐந்து இலட்சம் முயற்சிகள் தேவை. அவரது முறையில் ஆயிரத்துக்கும் குறைவான படிகள் போதும். குரோவர் தில்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர்.

கற்கும் வரிசை

1. இரண்டு கியூபிட்டுகளுக்கான அணிக்கணக்குகளைத் தாளில் போட்டுப் பழகுதல்.

2. பைத்தான் மொழியில் சிறிய பாவிப்பி ஒன்றைத் தாமே எழுதுதல். ஒரு கியூபிட் கூடினால் வீச்சுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 30 கியூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 107 கோடி வீச்சுகள். ஒன்றுக்கு 16 பைட் என்றால் சுமார் 17 ஜிகாபைட் நினைவகம் தேவை. உண்மையான குவாண்டம் கணினி ஏன் வேண்டும் என்பது இங்கே விளங்கும்.

3. உண்மைக் கருவியில் இயக்குதல். ஐ.பி.எம். நிறுவனம் 2016-இல் 5 கியூபிட் கருவியை இணையம் வழியே பொதுமக்களுக்குத் திறந்தது. மேற்கண்ட இரட்டை ஹடமார்டு சோதனையைக் கருவியில் இயக்கினால் சில முறை 1 என்ற விடையும் வரும். இதற்குக் காரணம் இரைச்சல். சோதனையின்போது நிரல்மாற்றி இரு வாயில்களையும் தேவையற்றவை என நீக்கிவிடாதபடி, இடையே தடுப்புக் கட்டளை இட வேண்டும்.

தமிழ்நாட்டில் வாய்ப்புகள்

என்.பி.டெல். தளத்தின் குவாண்டம் கணிமைப் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் ஐ.பி.எம். குவாண்டம் வலையமைப்பில் இணைந்தது. 2023 ஏப்ரலில் இந்திய அரசு சுமார் 6,003 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

காரைக்குடியை அடுத்த அரியக்குடி போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு, 1952-இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி அருகிலேயே உள்ளது. அங்குள்ள மின்னணுவியல், இயந்திரவியல் போன்ற வழக்கமான பாடங்களும் இத்துறைக்கு உதவுபவை. மீக்கடத்தி வகைக் கியூபிட்டுகள் −273 பாகை செல்சியசுக்கு மிக அருகில் குளிர்விக்கப்பட்டு, நுண்ணலைத் துடிப்புகளால் இயக்கப்படுகின்றன. குளிரூட்டலுக்கும் நுண்ணலைச் சுற்றுகளுக்கும் பொறியாளர்கள் தேவை.

கவனிக்க வேண்டியவை

இன்றைய கருவிகளில் பிழைகள் மிகுதி. பேரெண்களைக் காரணிப்படுத்த 1994-இல் பீட்டர் ஷோர் தந்த வழிமுறையால் இன்றைய மறைக்குறியீடுகளை உடைக்கும் அளவுக்கு அவை வளரவில்லை. எனவே மாணவர்கள் தம் அடிப்படைப் பொறியியல் பிரிவைக் கைவிடாமல், அதனுடன் குவாண்டம் கணிமையைச் சேர்த்துக் கற்பது நன்று.