பழைய மோட்டார்களில் ஐட்லிங் கோளாறுகள்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நன்கு ஓடும் எஞ்சின், காலை எடுத்ததும் நின்றுவிடுவது கார்ப்யூரேட்டர் பொருந்திய பழைய ஜீப்புகளிலும் கார்களிலும் அடிக்கடி காணப்படும் குறையாகும். காரணம் அறியாமல் திருகுகளைத் திருப்புவதால் சிறு குறையும் பெரிதாகிவிடும்.

கார்ப்யூரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் மேலெழுந்து காற்றுடன் கலக்கிறது. நீரில் நிறுத்திய குழலின் மேல்வாய்க்குக் குறுக்கே மற்றொரு குழலால் ஊதி, நீர் துளிகளாகச் சிதறுவதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம். ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. த்ராட்டில் தகடு மூடியுள்ளபோது கழுத்தில் காற்றின் வேகம் போதாது. அப்போது தகட்டின் ஓரத்திலுள்ள நுண்துளை வழியாகத் தனியொரு சிறு ஜெட்டே எரிபொருள் அளிக்கிறது. எனவே ஐட்லிங்கில் மட்டும் எஞ்சின் நிற்குமாயின், இந்த ஜெட்டில் அடைப்போ, எங்கேனும் காற்றுக் கசிவோ இருக்கக்கூடும்.

முதலில் ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், பாயிண்ட் இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்த்து, எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். பின்னர்க் கலவைத் திருகைச் சிறிது திருப்பியும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில், ஜெட் அடைபட்டதென ஊகிக்கலாம். அதனைக் காற்றால் ஊதித் துப்புரவு செய்க. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் வீணாகும். கசிவை அறிய, இன்லெட் மேனிபோல்டின் இணைப்புகளில் சில துளி எஞ்சின் எண்ணெய் இடுக; ஓட்டம் சீரானால் கசிவு அவ்விடத்திலேயே உள்ளது. இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துதல் தீவிபத்துக்கு இடமாகும். த்ராட்டில் தண்டு தேய்ந்திருப்பினும் அதன் வழியே காற்று புகும்.

மாறாக, காலை எடுத்தபின்பும் எஞ்சின் வேகம் தணியாவிடில், தளர்ந்த ஸ்பிரிங், துருவேறிய இணைப்புக் கம்பி, முழுதும் திரும்பாத சோக் கம்பி, பெடலைத் தடுக்கும் தரைவிரிப்பு ஆகியவற்றை நோக்குக. ஓடும் வண்டியில் த்ராட்டில் சிக்கிக்கொண்டால், கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து, இக்னிஷனை அணைக்க வேண்டும்; வண்டி நிற்கும்வரை சாவியை வெளியே எடுத்தலாகாது.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிச் சோதித்தல் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது; அறியுமுன்னரே உயிரைப் போக்கவல்லது.