தாத்தாவின் குதிகாலைப் பார்த்தீர்களா?

வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் பெஞ்சில் அசையாமல் உட்கார உங்களால் முடியுமா? கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் சாய்வீர்கள், அப்புறம் மறுபக்கம். "ஏன்டா நெளியறே?" என்று டீச்சர் அதட்டுவார். பாவம் நீங்கள்! அது குறும்பு அல்ல. உங்கள் தோல் போடும் உத்தரவு.

நம்பவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கட்டைவிரல் நகத்தை நன்றாக அழுத்துங்கள். நகத்தின் அடியில் வெளுத்துவிடும். அழுத்துவதை நிறுத்தினால் ஓரிரு நொடியில் பழைய நிறம் வந்துவிடும். அழுத்தியபோது அங்கிருந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்தம் விலகிப் போனதுதான் காரணம்.

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். பெரியவர் ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் இருக்கும். மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. லேசாகச் சிராய்த்தால் ரத்தம் வராதது அதனால்தான். அதன் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலே வந்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்தோல். ரத்தக் குழாய், நரம்பு முனை, வியர்வைச் சுரப்பி எல்லாம் இங்கேதான். மேல்தோலுக்குச் சாப்பாடும் இங்கிருந்துதான் போகிறது. அதற்கும் கீழே கொழுப்பு மெத்தை.

நாம் ஒரே பக்கமாகப் படுத்தால் நசுங்கும் இடத்திலிருந்து நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்பும். தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு முறிந்தவர்களும் என்ன செய்வார்கள்? எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே தோல் மணிக்கணக்கில் நசுங்கும். ரத்தம் வராத செல்கள் மடியும். அதுதான் படுக்கைப் புண். வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே எலும்பு வரை குழி விழுந்திருக்கும்.

சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவைத் தெரியுமா? 1995-ல் குதிரையிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது, இப்படிப்பட்ட ஒரு புண்ணில் ஏற்பட்ட கிருமித்தொற்றுக்குத்தான் சிகிச்சை பெற்றுவந்தார். வானத்தில் பறந்தவரையே ஒரு புண் வீழ்த்திவிட்டது.

நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, கவனிப்பின் குற்றம் என்று 1859-லேயே எழுதினார் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கொஞ்சம் கறாரான பாட்டிதான்! எல்லாப் புண்ணையும் தடுத்துவிட முடியாது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். ஆனால் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம்.

எப்படி? செவிலியர்கள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வார்கள். எழ முடியாதவரை ஏறக்குறைய 2 மணிக்கு ஒருமுறை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று மாற்றிப் படுக்க வைப்பார்கள். தரதரவென்று இழுக்க மாட்டார்கள். உரசினால் தோல் கிழியுமே! இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்குவார்கள். விரிப்பில் சுருக்கமோ, பிஸ்கட் தூளோ இருக்கக் கூடாது. ஈரமானால் உடனே மாற்றிவிடுவார்கள். நெடுநேரம் தண்ணீரில் இருந்த விரல் எப்படி ஊறிப்போகிறது! அப்படி ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கொடுக்கச் சொல்வதும் தோலுக்காகத்தான். வாட்டர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

தினமும் அவர்கள் பார்க்கும் இடங்கள்: பின்தலை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பு, குதிகால். சிவந்த இடத்தை விரலால் அழுத்துவார்கள். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் ஆபத்து தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் அந்த இடம் அதிகம் கறுத்திருக்கிறதா, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்ப்பார்கள். முன்பெல்லாம் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்த்துவிடுவது வழக்கம். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்பதுதான் இன்றைய பாடம்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படுத்த படுக்கையாக இருக்கிறார்களா? கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிற்கும். இன்று மாலை போர்வையை விலக்கி இரண்டு குதிகால்களையும் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், "வலிக்கலையே" என்று தாத்தா சொன்னாலும், உடனே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.